அடி எங்கே விழுந்தது?

2003 ஜூலை 7ஆம் தேதி, அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் உள்ள தென்மேற்கு ஆராய்ச்சி நிறுவனத்தில், அழுத்திய வாயுவால் இயங்கும் ஒரு பீரங்கியை விண்வெளி ஓடத்தின் இறக்கை விளிம்பை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள். பீரங்கிக்குள் இருந்தது உலோகக் குண்டு அல்ல, முக்கால் கிலோ எடையுள்ள நுரைப்பஞ்சுக் கட்டி. எரிபொருள் தொட்டியின் குளிர் வெளியேறாமல் இருக்க அதன்மேல் பூசப்படும் லேசான பொருள் அது. எதிரே நின்றது, உண்மையான ஓடம் ஒன்றில் பொருத்தப்பட்டு விண்வெளிக்குப் போய்த் திரும்பிய கார்பன் தகடு. மணிக்கு ஏறத்தாழ 850 கி.மீ. வேகத்தில் அந்தப் பஞ்சு மோதியது. தகட்டில் நாற்பது சென்டிமீட்டருக்கும் அகலமான ஓட்டை விழுந்தது.

அதே ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, தரையிறங்கப் பதினாறு நிமிடங்கள் இருக்கும்போது கொலம்பியா விண்ணோடம் டெக்சாஸ் வானில் சிதறியது. ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்பட ஏழு பேர் இறந்தார்கள். ஜனவரி 16 அன்று ஓடம் கிளம்பி 82 நொடிகளே ஆகியிருந்தபோது, வெளித் தொட்டியிலிருந்து பிய்ந்த பஞ்சுத் துண்டு இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியிருந்தது. அப்படி மோதினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்க்கத்தான் இந்தச் சோதனை.

மோதல் நடந்தது யாருக்கும் தெரியாமல் போய்விடவில்லை. மறுநாளே கேமரா படச்சுருளில் பார்த்துவிட்டார்கள். ஆனால் படம் தெளிவாக இல்லை. இறக்கையில் பட்டது தெரிந்ததே தவிர, எந்தத் தகட்டில் பட்டது, எவ்வளவு ஆழமாகப் பட்டது என்பது தெரியவில்லை. உளவுச் செயற்கைக்கோள் கொண்டு படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். ஒருமுறை அல்ல, மூன்று முறை. அது நடக்கவில்லை. சிறு பனித்துண்டுகளின் மோதலுக்காக எழுதப்பட்ட ஒரு கணக்கீட்டு நிரலை நம்பி, ஆபத்து இல்லை என்று முடிவெடுத்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் வலிப்பது ஒரு சிறு தகவல். நான்கு ஓடங்கள் பறந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், மிக அதிகமான அளவுக் கருவிகள் இருந்தது கொலம்பியாவில்தான். முதன்முதலில் பறந்த ஓடம் என்பதால், சோதனைக்கென்று நூற்றுக்கணக்கான உணரிகளை அதில் பொருத்தியிருந்தார்கள். அவை சொன்னதெல்லாம் ஒரு காந்த நாடாவில் பதிவானது. ஓடம் தரையிறங்கிய பிறகுதான் அந்த நாடாவைப் படிக்க முடியும். விபத்துக்குப் பின், மார்ச் 19ஆம் தேதி, டெக்சாஸின் ஹெம்ஃபில் ஊருக்கு அருகே அந்தப் பதிவுக் கருவி கிட்டத்தட்ட முழுதாகக் கிடைத்தது. வளிமண்டலத்துக்குள் நுழைந்தபோது முதலில் மாறுபாடு காட்டியது, இடது இறக்கையின் ஒன்பதாவது தகட்டுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருந்த, பொருள் நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் ஒரு திரிபுமானி என்று அந்த நாடா சொன்னது. உணரி தன் வேலையைச் செய்திருந்தது. அது சொன்னதைக் கேட்கத்தான் அந்த நேரத்தில் யாருக்கும் வழியில்லை.

விபத்துக்குப் பிறகு நாசா ஓடங்களின் இறக்கைகளுக்குள் காதுகளைப் பொருத்தியது. அந்தக் காதுகள் எப்படிக் கேட்டன, எதைக் கேட்டன என்பதை விளங்கிக்கொள்ள, அவை காவல் காத்த பொருளிலிருந்து தொடங்க வேண்டும்.

கூட்டுப்பொருள், அதாவது காம்போசிட், நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டுக் கடற்கரையில் வரிசையாக ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகள் கூட்டுப்பொருள்தான். கண்ணாடி இழைப் பாயை விரித்து, பிசின் தடவி, மேலே இன்னொரு பாய் விரித்து, மீண்டும் பிசின் தடவிக் கட்டுவது. இழை வலுவைத் தருகிறது; பிசின் இழைகளைப் பிடித்துவைத்து வடிவம் தருகிறது. விமானத்தில் கண்ணாடிக்குப் பதில் பெரும்பாலும் கார்பன் இழை, சாதாரணப் பிசினுக்குப் பதில் எப்பாக்சி. ஒரு அடுக்கின் தடிமன் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ இருக்கும். முதல் அடுக்கில் இழைகள் நீளவாக்கில் போனால் அடுத்ததில் 45 பாகை சாய்வாக, அதற்கடுத்ததில் குறுக்காக என்று மாற்றி மாற்றிப் படுக்கவைத்து, அழுத்தமும் சூடும் கொடுத்து இறுக்குகிறார்கள். போயிங் 787 விமானக் கட்டமைப்பின் எடையில் சரிபாதி இப்படிப்பட்டது. கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து பறக்கும் நம் தேஜஸ் போர் விமானத்தின் உடற்சட்டத்திலும் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கூட்டுப்பொருள்தான். விண்ணோடத்தின் இறக்கை விளிம்பு இன்னும் தனி வகை: கார்பன் இழைகளைப் பிசினுக்குப் பதில் கார்பனாலேயே பிணைத்து, மேலே சிலிக்கன் கார்பைடு பூசியது. ஒவ்வொரு இறக்கையிலும் 22 தகடுகள். வளிமண்டலத்துக்குள் நுழையும்போது 1,650 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும்.

இந்தப் பொருளுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. அலுமினியத் தகட்டில் ஸ்பானர் விழுந்தால் பள்ளம் விழும். பள்ளம் என்பது உலோகம் தன் மேனியில் எழுதிவைக்கும் புகார். பரிசோதகர் பார்த்த உடனே தெரிந்துவிடும். கார்பன் தகட்டுக்கு அப்படி நெளியத் தெரியாது. ஸ்பானர் விழுந்ததும் தகடு ஒரு கணம் வளைந்து மீண்டுவிடும். மேற்பரப்பில் பெயிண்ட்கூட உரியாமல் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு கணத்தில் உள்ளே பிசினில் விரிசல்கள் ஓடியிருக்கும். அந்த விரிசல் அடுத்த அடுக்கின் எல்லையைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு அடுக்குகளையும் தனித்தனியாகப் பிரித்துவிடும். இழைகளின் திசை எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் இந்தப் பிரிவு நடக்கும். அடிபட்ட இடத்தில் சின்னதாகத் தொடங்கி, ஆழம் போகப்போக விரிந்து, அடியில் மிக அகலமாகப் பரவும். பின்பக்கத்தில் இழைகளே அறுந்திருக்கும். அந்தப் பின்பக்கமோ இறக்கையின் உட்புறம்; அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

அடுக்குகள் பிரிந்த தகட்டை இழுத்தால் ஓரளவு தாங்கும். அழுத்தினால்தான் ஆபத்து. ஒன்றாக இருந்தபோது தடித்த பலகையாக நின்ற அடுக்குகள், பிரிந்ததும் மெல்லிய தாள்களாகத் தனித்தனியே மடங்கத் தொடங்குகின்றன. மோசமாக அடிபட்ட தகட்டின் அழுத்த வலு பாதிக்கும் கீழேகூட இறங்கிவிடும். அதனால்தான் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் அடியை வைத்தே வடிவமைப்பாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்த அளவு சேதம் எந்த இடத்தில் இருந்தாலும், யாரும் கண்டுபிடிக்காவிட்டாலும், விமானம் தன் ஆயுள் முழுக்க முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பது விதி. பாதுகாப்பான விதிதான். ஆனால் அதற்கு விலையாகத் தகட்டைத் தேவைக்கு மேல் தடிமனாகச் செய்ய வேண்டியிருக்கிறது. எடையைக் குறைக்கத்தான் கார்பனுக்கே வந்தோம் என்பதை நினைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஓர் அடிக்காக நாம் சுமந்து திரியும் எடை எவ்வளவு என்று புரியும்.

அடி விழ வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. ஓடுபாதைக் கல், ஆலங்கட்டி மழை, பறவை, பழுதுபார்ப்பவர் கை தவறிய கருவி. இவற்றைவிட வடிவமைப்பாளர்கள் அஞ்சுவது, பெட்டி ஏற்றும் வண்டி விமானத்தின் வயிற்றில் மெல்ல உரசிவிட்டுப் போவதைத்தான். கனமான வண்டி, மெதுவான வேகம். வெளியே ஒரு கீறலும் இருக்காது, உள்ளே சட்டமே உடைந்திருக்கலாம்.

சேதத்தைத் தேட ஒலியை நாடுவது பழைய வழி. சந்தையில் பானை வாங்குகிறவர் விரலால் சுண்டிப் பார்க்கிறார். கணீர் என்றால் நல்லது, சத்தம் மங்கினால் கீறல். விமானக் கொட்டகையில் இன்றும் இதே வேலை நடக்கிறது. நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ தகட்டைத் தட்டிக்கொண்டே போவார்கள். அடுக்குப் பிரிந்த இடத்தில் ஓசை அமுங்கும். இதைவிட நுட்பமாக, மீயொலியை உள்ளே அனுப்பி எதிரொலியைப் படிக்கும் கருவிகளும் உண்டு. இவை எல்லாமே நம்பகமானவை. ஆனால் மனிதர் அந்த இடத்துக்குப் போக வேண்டும், அதற்கு முன் எந்த இடத்துக்குப் போவது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு பெரிய விமானத்தின் மேனி முழுவதையும் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்ப்பது நடக்கிற காரியம் அல்ல. விண்வெளியில் சுற்றிக்கொண்டிருக்கும் ஓடத்தின் இறக்கையைப் போய் யார் தட்டுவது?

ஒலி உணரிகள் இந்த வேலையைத் தலைகீழாக்குகின்றன. நாம் தட்டி அது பதில் சொல்வதற்குப் பதிலாக, அடிபடும் கணத்தில் அந்த அமைப்பே எழுப்பும் ஓசையைப் பிடித்துக்கொள்கின்றன.

ஓர் இழை அறும்போது, அதுவரை அதில் இழுபட்டுச் சேர்ந்திருந்த ஆற்றல் சட்டென்று விடுபடும். அதில் ஒரு சிறு பங்கு அதிர்வலையாகத் தகடெங்கும் ஓடும். பிசின் விரிசல் விட்டாலும், அடுக்குப் பிரிந்தாலும் இதேதான். இதை ஒலி உமிழ்வு என்கிறார்கள். நம் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். இவை பெரும்பாலும் அதற்கு மேலே, பத்து லட்சம் அதிர்வுகள் வரைகூடப் போகும். உணரியின் உள்ளே இருப்பது பீசோ மின் பீங்கான் வில்லை. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். இன்று ஈயம், சிர்க்கோனியம், டைட்டேனியம் கலந்த பீங்கான் அந்த வேலையைச் செய்கிறது. தகட்டின் மேற்பரப்பு நம்பவே முடியாத அளவுக்குச் சிறிதாக அசைந்தாலும் வில்லை ஒரு மின்துடிப்பைத் தரும். அதை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்கிப் பதிவு செய்கிறார்கள்.

உணரி சரியாக ஒட்டியிருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்க்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. அரை மில்லிமீட்டர் பென்சில் முனை வேண்டும். கடைகளில் மைக்ரோடிப் பென்சிலுக்கு விற்பதுதான். தகட்டின்மேல் சாய்வாக ஊன்றி முனையை முறிக்கிறார்கள். முனை ஒடியும் கணத்தில் பிறக்கும் அலை, உள்ளே ஒரு நுண்விரிசல் எழுப்பும் அலையைப் பெரிதும் ஒத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வருகிறது. சூ–நீல்சன் முறை என்று இதற்குப் பெயர். கோடிக்கணக்கில் விலையுள்ள விண்கலப் பாகமாக இருந்தாலும் சோதனையைத் தொடங்கி வைப்பது பென்சில் முனைதான்.

இனி அலையைப் பின்தொடர்வோம். மெல்லிய தகட்டில் ஒலி எப்படிப் பயணிக்கும் என்பதை 1917இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹொரேஸ் லேம்ப் எழுதிவைத்தார். தகட்டில் முக்கியமாக இரண்டு வகை அலைகள் ஓடுகின்றன. ஒன்று தகட்டின் தளத்திலேயே இழுத்தும் அழுத்தியும் போவது. அதை நீட்சி அலை என்போம். மற்றது தகட்டை மேலும் கீழுமாக வளைத்துக்கொண்டு போகும் வளைவு அலை. கார்பன் தகட்டில் நீட்சி அலை நொடிக்கு ஆறு கி.மீ. போல ஓடும். வளைவு அலை ஒன்றரை கி.மீ. போல. வளைவு அலையில் இன்னொரு சிக்கலும் உண்டு: அதிலுள்ள வேகமான அதிர்வுகள் முன்னே ஓட, மெதுவான அதிர்வுகள் பின்தங்கும். கிளம்பும்போது ஒரே சொடுக்காக இருந்தது, போய்ச் சேரும்போது நீண்ட இழுவையாகிவிடும்.

அடி விழுந்த இடத்தைக் கண்டுபிடிப்பது இந்த வேகங்களை வைத்துத்தான். இரண்டு உணரிகளில் ஒன்றுக்கு வளைவு அலை பத்தாயிரத்தில் ஒரு நொடி முன்னதாக வந்தால், அந்த இடம் அந்த உணரிக்கு 15 சென்டிமீட்டர் பக்கம் என்று பொருள். அந்த நிபந்தனைக்குப் பொருந்தும் எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தால் ஓர் அதிபரவளைவு கிடைக்கும். மூன்றாவது உணரி இன்னொரு வளைவைத் தரும். இரண்டும் வெட்டுமிடம்தான் அடிபட்ட இடம். நிலநடுக்க மையத்தைக் கண்டறியவும் வந்துசேரும் நேரங்களைத்தான் ஒப்பிடுகிறார்கள். முதல், இரண்டாம் அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்திலிருந்து ஒரே நிலையம் தூரத்தைக் கணிப்பதுபோல, நீட்சி அலைக்கும் வளைவு அலைக்கும் உள்ள இடைவெளியிலிருந்து ஓர் உணரி மட்டுமே தூரத்தைச் சொல்லிவிட முடியும். மேலே சொன்ன வேகங்களில், ஒரு மீட்டருக்கு இரண்டாயிரத்தில் ஒரு நொடி இடைவெளி விழும்.

தாளில் போட்டால் அழகான கணக்கு. கூட்டுப்பொருள் அதைக் கலைத்துவிடுகிறது. இழையோட்டத்தின் திசையில் ஒலி வேகமாகப் போகும், குறுக்கே மெதுவாகப் போகும். எனவே அலை வட்டமாக விரியாது. நடுவில் ஒரு விலா எலும்புபோல் வலுச்சட்டம் இருந்தால் அலை அங்கே மோதிப் பிரியும். துளை, ஆணி, தடிமன் மாற்றம் எல்லாம் தங்கள் பங்குக்குக் குழப்பும். வெப்பநிலை மாறினால் வேகமும் மாறும், பத்து கி.மீ. உயரத்தில் விமானத்தின் மேனி உறையும் குளிரில் இருக்கும். ஆகவே சிலர் கணக்கை விட்டுவிட்டு வேறு வழி பிடிக்கிறார்கள். பாகத்தின் மேல் கட்டம் கட்டமாகக் கோடிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் சிறு சுத்தியலால் தட்டி, அங்கிருந்து உணரிகளுக்கு என்ன வந்தது என்று பதிந்துவைக்கிறார்கள். பின்னால் உண்மையான அடி விழும்போது, பதிவுகளில் எதனோடு அது மிகவும் ஒத்துப்போகிறது என்று கணினி தேடுகிறது. உழைப்பு அதிகம்தான். ஆனால் சிக்கலான வடிவங்களுக்கு இதுவே கைகொடுக்கிறது என்பது என் எண்ணம்.

இடம் தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி இன்னும் கடினம்: அடி விழுந்தது சரி, உடைந்ததா?

மோதல் இரண்டு ஓசைகளை எழுப்புகிறது. ஒன்று மோதிய ஓசை, மற்றது முறிந்த ஓசை. மோதிய ஓசை பெரியது, தணிந்த அதிர்வுகள் கொண்டது. கல் பட்டுத் தெறித்து ஒன்றுமே ஆகாமல் போனாலும் அது உரக்கக் கேட்கும். முறிந்த ஓசை சிறியது, மிக உயர்ந்த அதிர்வுகள் கொண்டது, அந்தப் பெரிய ஓசையின் அடியில் ஒளிந்திருப்பது. இரண்டையும் பிரிக்க உதவுவது லேம்ப் அலைகளின் அந்த இரட்டைத் தன்மைதான். செங்குத்தாக வந்து தட்டும் பொருள் தகட்டை வளைக்கிறது, ஆகவே பெரும்பாலும் வளைவு அலை. தகட்டின் தளத்தில் இழை அறுந்தாலோ விரிசல் திறந்தாலோ நீட்சி அலை வலுக்கும். நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வில்லியம் பிராசரும் உடன் உழைத்தவர்களும் 1990களிலேயே இதைச் சோதித்தார்கள். மெதுவான மோதலில் வளைவு அலையே மேலோங்கியது. நொடிக்குப் பல கி.மீ. வேகத்தில் வந்து தகட்டைத் துளைத்துப்போன துகளின் பதிவில் நீட்சி அலை மேலோங்கி, வளைவு அலை சுருங்கிப் போயிருந்தது. விண்கற்துகள் ஒன்று துளைத்ததா, உரசிப் போனதா என்பதை அலையின் உருவம் பார்த்தே ஊகிக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது. கொலம்பியாவுக்குப் பிறகு நாசா அவசர அவசரமாக வழி தேடியபோது, இந்த ஆய்வுகள் ஏற்கெனவே கையில் இருந்தன.

ஆனாலும் ஓடத்தில் ஏறியது மீயொலி உணரிகள் அல்ல, அதிர்வை அளக்கும் முடுக்கமானிகள். அவற்றைச் சோதித்துப் பார்த்த அனுபவம் இருந்தது. கம்பியில்லாச் சிறு பெட்டிகளோடு இணைக்கவும் முடிந்தது. பறந்துகொண்டிருக்கும் ஓடத்தின் இறக்கையைப் பிரித்துப் புதிதாக மின்கம்பி இழுப்பது பெரும்பாடு. ஆகவே மின்கலத்தில் இயங்கி, வானொலி வழியே பேசும் அமைப்பு தேவைப்பட்டது. ஒவ்வோர் இறக்கையிலும் கார்பன் தகடுகளுக்குப் பின்னால் இருக்கும் முன் உத்தரத்தில் 66 முடுக்கமானிகளும் 22 வெப்ப உணரிகளும் ஒட்டப்பட்டன. ஏறும்போது ஒவ்வொரு முடுக்கமானியும் நொடிக்கு 20,000 முறை அளந்தது. 2005 ஜூலை 26 அன்று, கொலம்பியாவுக்குப் பின் முதல் பயணமாக டிஸ்கவரி கிளம்பியபோது இந்தக் காதுகள் முதன்முதலாக வேலை பார்த்தன.

ராக்கெட் எஞ்சின்களின் பேரிரைச்சலுக்கு நடுவே ஒரு பஞ்சுத்துண்டின் அடியைக் கேட்க வேண்டும். எஞ்சின் அதிர்வு இறக்கை முழுவதும் பரவியிருக்கும். ஓரிடத்தில் விழும் அடியோ பக்கத்து உணரிகளில் ஓங்கி, தள்ளிப்போகப் போகத் தேயும். அந்தத் தேய்வுதான் அடையாளம். பதிவு மொத்தத்தையும் வானொலியில் அனுப்ப முடியாது. எனவே பெட்டிகள் முதலில் தங்கள் பதிவின் உச்சங்களை மட்டும் சுருக்கி, ஓடத்துக்குள் இருந்த மடிக்கணினிக்கு அனுப்பின. அங்கிருந்து அந்தச் சுருக்கம் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஐயத்துக்குரிய கணங்களைக் குறித்து, அந்தக் கணத்தின் முழுப் பதிவையும் கேட்டு வாங்கினார்கள். சுற்றுப்பாதையில் விண்கற்துகள்களுக்காகவும் காதைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆனால் மின்கலத்தின் ஆயுள் அதற்கு எல்லை போட்டது.

இந்த அமைப்பைப் பற்றி எனக்குப் பெரிதும் மதிப்பு வரக் காரணம், தன் எல்லையை அது அறிந்திருந்ததுதான். தகடு உடைந்துவிட்டது என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. இன்ன தகட்டருகே ஏதோ பட்டிருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றது. பார்ப்பதற்கு ஓடத்தின் இயந்திரக் கையோடு 15 மீட்டர் நீளமுள்ள இன்னொரு கம்பத்தைச் சேர்த்திருந்தார்கள். அதன் நுனியில் லேசர் கருவியும் கேமராவும். உணரி சுட்டிய இடத்தை அது நிதானமாக ஆராய்ந்தது.

பயணிகள் விமானங்களில் ஏன் இது எங்கும் வந்துவிடவில்லை என்று கேட்கலாம். எடை, கம்பி, விலை எல்லாம் காரணம்தான். முதன்மையான காரணம் பொய் எச்சரிக்கை. ஆணி உரசினாலும், பனி விரிசல் விட்டாலும், மழைத்துளி அறைந்தாலும் உணரிக்கு ஓசைதான். மாதம் ஒருமுறை பொய் சொல்லும் கருவியை நம்பி முந்நூறு பேர் காத்திருக்கும் விமானத்தை நிறுத்த எந்த நிறுவனமும் துணியாது. நாளடைவில் எச்சரிக்கையையே அணைத்து வைப்பார்கள். இன்னொன்று, கேட்கும் முறையில் இருக்கும் அடிப்படைக் குறை: அடி விழும் கணத்தில் விழித்திருக்க வேண்டும். பெட்டி வண்டி மோதும்போது விமானம் மின்சாரம் அணைக்கப்பட்டு நின்றால், கேட்க ஆள் இல்லை. இதற்கு மாற்றாக, ஒட்டிய வில்லைகளில் ஒன்றை அதிரச்செய்து அலையை அனுப்பி, மற்றவை அதை வாங்கி, நேற்றைய பதிவோடு ஒப்பிடும் முறை ஒன்று இருக்கிறது. கணத்தைத் தவறவிட்டாலும் காயத்தைப் பிடித்துவிடும். இரண்டையும் ஒரே வில்லையில் சேர்ப்பதுதான் சரியான திசை என்று நினைக்கிறேன்.

அடிபட்ட பிறகும் அமைப்பு பேசிக்கொண்டே இருக்கும். 1950இல் மியூனிக்கில் யோசஃப் கைசர் தன் ஆய்வேட்டில் ஒன்றைக் காட்டினார். ஒரு உலோகத்தை ஒருமுறை குறிப்பிட்ட சுமைக்கு ஏற்றி இறக்கிவிட்டால், மறுமுறை அதே சுமையை எட்டும்வரை அது ஓசையே எழுப்பாது. கூட்டுப்பொருளோ சேதம் மிகும்போது இந்த ஒழுங்கை மீறும். பழைய சுமையை எட்டுவதற்கு முன்பே முனகத் தொடங்கிவிடும். எவ்வளவு முன்னதாக முனகுகிறதோ அவ்வளவு மோசம். ஃபெலிசிட்டி விளைவு என்று பெயர் பெற்ற இதை வைத்து வேதியியல் ஆலைகளில் ஃபைபர் தொட்டிகளை நெடுங்காலமாகச் சோதித்து வருகிறார்கள்.

இதை அறிந்த ஒருவருக்கு டைட்டன் நீர்மூழ்கியின் கதையைப் படிப்பது தாங்க முடியாததாக இருக்கும். டைட்டானிக் கப்பல் கிடக்கும் 3,800 மீட்டர் ஆழத்துக்கு மனிதர்களைக் கொண்டுபோன அந்தக் கலத்தின் உடல், 127 மில்லிமீட்டர் தடிமனுள்ள கார்பன் இழைக் குழாய். அதில் ஒலி உணரிகளும் திரிபுமானிகளும் இருந்தன. அவை முன்கூட்டியே எச்சரிக்கும் என்று அதைக் கட்டிய ஓஷன்கேட் நிறுவனம் சொன்னது. எச்சரிக்கைக்கும் முறிவுக்கும் இடையே மில்லிநொடிகளே கிடைக்கலாம் என்று அந்நிறுவனத்தின் கடல்பணி இயக்குநரே 2018இல் ஆட்சேபித்திருந்தார். நடந்தது வேறு. 2022 ஜூலை 15 அன்று, 80ஆவது முழுக்கு முடிந்து மேலே வரும்போது உடலிலிருந்து பெரும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்தவர்கள் காதால் கேட்டார்கள், உணரிகளும் பதிந்தன. அடுத்த முழுக்குகளில் திரிபுமானிகளின் போக்கே மாறியிருந்தது. அடுக்குகள் பிரிந்ததற்கான சான்று அது என்று பின்னர் விசாரித்தவர்கள் கண்டார்கள். கலம் தொடர்ந்து பயன்பட்டது. 2023 ஜூன் 18 அன்று, ஐந்து பேரோடு ஆழத்தில் நொறுங்கியது. அந்தத் தரவை முறையாக ஆராய்ந்து நடவடிக்கை எடுக்கவில்லை என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2025 அறிக்கை சொல்கிறது. எச்சரிக்கைக்கு மில்லிநொடி அல்ல, ஏறத்தாழ ஓராண்டு கிடைத்திருந்தது.

கொலம்பியாவில் கேட்க வழியில்லை. டைட்டனில் கேட்டும் நின்று பார்க்க ஆளில்லை. எனவே ஒலி உணரியைப் பற்றிப் பேசும்போது, அது எவ்வளவு நுட்பமாகக் கேட்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அது எச்சரித்தால் யார், எத்தனை மணி நேரத்துக்குள், என்ன செய்வார் என்பதும் அந்தக் கருவியின் வடிவமைப்புக்குள் வர வேண்டும்.

2005க்குப் பிந்தைய விண்ணோடப் பயணங்களில் இது எழுதி வைக்கப்பட்டிருந்தது. உணரி ஐயப்பட்டால் கம்பத்தால் பார்ப்பது. காயம் உறுதியானால், முடிந்தவரை அங்கேயே பழுதுபார்ப்பது. முடியாவிட்டால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கி மீட்பு ஓடத்துக்குக் காத்திருப்பது. 2009 மே மாதம் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க அட்லாண்டிஸ் போனபோது, அந்தப் பாதையிலிருந்து விண்வெளி நிலையத்தை எட்ட முடியாது என்பதால், எண்டெவர் ஓடத்தை மற்றொரு ஏவுதளத்தில் தயாராக நிறுத்திவைத்தார்கள். 2011 ஜூலையில் கடைசிப் பயணம் கிளம்பியபோது மீட்க வேறு ஓடமே மிச்சமில்லை. அதனால் வழக்கமாக ஆறேழு பேர் போகும் ஓடத்தில் நான்கு பேரை மட்டும் அனுப்பினார்கள். இறக்கை உடைந்திருந்தால், அவர்கள் நிலையத்தில் தங்கி, ரஷ்யாவின் சோயுஸ் கலங்களில் ஒருவர் ஒருவராக ஓராண்டு வாக்கில் ஊர் திரும்புவதற்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.